கடலோர வீட்டுத் தோட்டம்: ராமநாதபுரம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் கொல்லையில் நாலு காய்கறிச் செடி, ரெண்டு பழமரம் வைக்க நினைத்தால் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. தேவிபட்டினத்தில் கேட்டதைத்தான் பெரியபட்டினத்திலும் கேட்கிறார்கள். மேற்கு மாவட்டத்துத் தோட்டங்களைப் பார்த்து அப்படியே செய்து, செடி கருகிப்போய் மனம் விட்டவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

எங்க வீட்டைச் சுத்தி வெறும் மணல்தான். இதுல காய்கறி வருமாண்ணே?

வரும். மணலில் வேர் தாராளமாக ஓடும். உப்பு ஏறினாலும் ஒரு நல்ல மழையில் கீழே இறங்கிவிடும். களிமண் நிலத்துக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. குறை என்னவென்றால், ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற உரமும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். அதனால் பிடித்து வைக்க ஏதாவது கலக்க வேண்டும். மணல் ரெண்டு பங்கு, கண்மாய் வண்டல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு என்று கலந்தால் போதும். கொல்லை முழுவதும் கலக்க வேண்டாம், செடி வைக்கும் பாத்தியிலும் குழியிலும் மட்டும் கலந்தால் செலவு கட்டுப்படும். வண்டல் எடுக்க தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். கழிமுகத்துப் பக்கத்துச் சேற்றை வண்டல் என்று நம்பி ஏற்றி வராதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

எரு என்றால் நம் பக்கத்தில் ஆட்டுப்புழுக்கைதான் சுலபமாகக் கிடைக்கும். கிடை போடுகிற கீதாரிகளிடம் (ஆடு மேய்ப்பவர்களிடம்) கேட்டால் மூட்டையாகவே தருவார்கள். ஆனால் நன்றாக மக்கவைத்துத்தான் போட வேண்டும். ஆடு சீமைக் கருவை நெற்றைத் தின்றுவிட்டுப் போடும் புழுக்கையில் விதை உயிரோடு இருக்கும். அப்படியே பாத்தியில் போட்டால் கத்தரிக்கு முன்னால் கருவைக் கன்று முளைத்து நிற்கும்.

தண்ணி லேசா உப்புக் கரிக்குது. செடிக்கு ஆகுமா ஆகாதான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

நாக்கை நம்ப வேண்டாம். பழகிய நாக்குக்கு எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தக் கடற்கரையில் மண்வெட்டிக்கு அடுத்து வாங்க வேண்டிய கருவி அதுதான். 450-க்குக் கீழே காட்டினால் எது வேண்டுமானாலும் வைக்கலாம். 450-லிருந்து 2000 வரை, தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். 2000-க்கு மேல் போனால் காய்கறிக்கு அந்தத் தண்ணீரை மட்டும் நம்ப முடியாது. பரிசோதனைச் சீட்டில் ஈ.சி. (மின் கடத்தும் திறன்) என்று dS/m அளவில் போட்டிருந்தால் அந்த எண்ணை 640-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய டிடிஎஸ் வந்துவிடும்.

மார்கழியில் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மழை முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். வைகாசியில் இன்னொரு தடவை அளந்து பாருங்கள், அதுதான் உங்கள் கிணற்றின் உண்மையான அளவு. மண்ணையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள், ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே போய் ஆலோசனை கேட்கலாம்.

கிணறு உப்பாயிடுச்சு. ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி வருமா?

கடற்கரை மணலில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். மழைத் தண்ணீர் எடை குறைவு, கடல் தண்ணீர் எடை அதிகம். அதனால் நல்ல தண்ணீர் மேலே ஒரு படலமாக மிதக்கும், கீழே உப்புத் தண்ணீர் நிற்கும். கடற்கரையில் கையால் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு குடம் நிரப்பும் பெண்கள் எடுப்பது அந்த மேல் படலத்தைத்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு அந்த அளவுக்கு ஏறி வரும்.

ஆகவே ஆழம் குறைந்த உறைகிணறு, சின்ன மோட்டார், காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். ஒரே மூச்சில் தொட்டி நிறைய இறைப்பதுதான் கிணற்றைக் கெடுக்கிறது.

அப்ப எந்தக் காய் இந்தத் தண்ணியைத் தாங்கும்?

நன்றாகத் தாங்குபவை சீனி அவரை (கொத்தவரை), தட்டைப்பயறு, பீட்ரூட், பருப்புக்கீரை. டிடிஎஸ் 1500 பக்கம் இருந்தாலும் இவற்றை மணலில் தைரியமாக வைக்கலாம். சீனி அவரையை நம் பக்கத்துக்காகவே படைத்த செடி என்றுதான் சொல்வேன், வெயிலும் அதை அசைக்காது. தக்காளி, வெள்ளரி, பூசணி, தண்டுக்கீரை எல்லாம் நடுத்தரம். கத்தரி, மிளகாய், வெண்டைக்கு ஆயிரத்துக்குள் இருந்தால் நல்லது. பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்புக்குச் சீக்கிரம் சுருண்டுவிடும், அவற்றைச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

குண்டு மிளகாய் நம்ம ஊர்ச் சரக்குதானே, அது உப்பைத் தாங்காதா?

இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அது முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் கரிசலில் மழையை நம்பி விதைக்கிற பயிர். வறட்சியைத் தாங்குகிறது என்பதற்காக உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் வைப்பதென்றால் புரட்டாசிக் கடைசியில் நாற்றுவிட்டு, மழைத் தண்ணீரிலேயே பாதி வளர்த்துவிடுங்கள். அப்புறம் தை மாசியில் காய்க்கும்போது கொஞ்சம் உப்புத் தண்ணீர் போனாலும் சமாளித்துக்கொள்ளும்.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்களே, நாமளும் ஆடியில போடலாமா?

அது தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்க்கிற ஊர்களுக்குப் பொருந்தும். நமக்கு ஆடியில் வருவது மழை அல்ல, கச்சான் காற்று. மணலை வாரி இறைத்து, இளங்குருத்தைத் தேய்த்துக் கிழித்துவிடும். நம் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. நம் தோட்ட வருடம் புரட்டாசியில்தான் தொடங்குகிறது.

புரட்டாசியில் பாத்தி தயார் செய்து கத்தரி, மிளகாய் நாற்றுவிடுங்கள். ஐப்பசியில் நடவு. அவரை, பாகல், புடல், பீர்க்கை எல்லாம் அப்போதே ஊன்றிவிடலாம். தக்காளிக்கு மட்டும் பெருமழை ஓயட்டும், கார்த்திகைக் கடைசியில் நட்டால் போதும். கீரை மார்கழியிலிருந்து மாசி வரை அருமையாக வரும். தையில் வெள்ளரி, தர்பூசணி. மாசிக்கு அப்புறம் புதிதாக வைப்பதென்றால் சீனி அவரையும் தட்டைப்பயறும் போதும்.

முளைச்சு ரெண்டு இலை விடுது, அதோட காஞ்சு போகுது. விதை மோசமா?

விதையைத் திட்டாதீர்கள். பெரிய செடி தாங்குகிற உப்பை நாற்றுத் தாங்காது. முளைக்கும் நாளிலிருந்து நாலைந்து இலை விடும் வரை நல்ல தண்ணீர்தான் கொடுக்க வேண்டும், அது பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ காவிரிக் குழாய்த் தண்ணீரோ எதுவானாலும் சரி. நாற்றங்காலுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு செம்பு போதும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பு கிணற்றுத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பழக்குங்கள்.

நாற்றுத்தட்டில் தென்னை நார்க் கழிவு போடுபவர்கள் கவனிக்க: கடற்கழியில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த நார்க் கழிவில் உப்பு ஏறியிருக்கும். சாக்கில் கட்டி மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

பாத்தி மேல வெள்ளையா பூத்திருக்கு. அதைச் சுரண்டி எடுத்துடணுமா?

சுரண்டி எடுத்துக் கொல்லைக்கு வெளியே கொட்டுங்கள், நல்லதுதான். ஆனால் மூலகாரணம் வேறு. மண் காயும்போது தண்ணீர் மேலே ஏறி ஆவியாகப் போகிறது, உப்பு மட்டும் மேலேயே தங்கிவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கரையின் உச்சியில்தான் உப்பு சேரும். அதனால் செடியை உச்சியில் நடாமல் கரையின் சரிவில், பாதி உயரத்தில் நடுங்கள்.

மேலே மூடாக்குப் போடுவது இன்னும் முக்கியம். தென்னை ஓலை, பனை ஓலை, காய்ந்த சருகு எதுவானாலும் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஆவியாவது குறையும், உப்பு மேலே வருவதும் குறையும். தண்ணீரை அடிக்கடி, கொஞ்சம் தாராளமாக விடுங்கள். காயப்போட்டு, காயப்போட்டு ஊற்றுவதுதான் உப்புத் தண்ணீரில் செய்யக் கூடாதது. இலை மேல் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுங்கள்.

ஜிப்சம் போட்டா உப்பு போயிடும்னு உரக்கடையில சொல்றாங்க. வாங்கவா?

முதலில் உங்கள் நிலம் எது என்று பாருங்கள். உவர் நிலத்தில் வெறும் உப்பு அதிகம், அதை நல்ல தண்ணீரோ மழையோ கழுவிவிடும். ஜிப்சம் அங்கே வேலை செய்யாது, காசுதான் போகும். களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமிலத்தன்மை (pH) 8.5-ஐத் தாண்டும். ஈரத்தில் வழவழவென்று குழைந்து, காய்ந்தால் கல்லாக இறுகும், மேலே தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். அதற்குத்தான் ஜிப்சம், அதையும் பரிசோதனை சொன்ன அளவுக்குப் போட்டு, தண்ணீர் கட்டி வடியவிட வேண்டும். கடலை ஒட்டிய மணலுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

தண்ணி ரொம்பக் குறைவு. சொட்டுநீர் போட வசதியில்ல. வேற வழி?

பானைப் பாசனம். பூச்சுப் பூசாத, வர்ணம் அடிக்காத மண்பானை, எட்டு பத்து லிட்டர் பிடிப்பது. மானாமதுரைப் பானை நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, தண்ணீர் நிரப்பி, சில்லாலோ மூடியாலோ மூடிவிடுங்கள். பானையைச் சுற்றி அரை அடி தள்ளி நாலு விதை ஊன்றுங்கள். மண் காய்ந்திருந்தால் பானை கசியும், ஈரமாக இருந்தால் தானே நிறுத்திக்கொள்ளும். பாகல், பூசணி, வெள்ளரி மாதிரிக் கொடிகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி தெரியவில்லை. வேரடி எப்போதும் ஈரமாகவே இருப்பதால் சுமாரான உப்புத் தண்ணீரும் இதில் செல்லும். பானையின் வெளிப்புறம் வெள்ளை படிந்து கசிவு குறைந்தால் தோண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிப் புதையுங்கள்.

ஆர்.ஓ. மெஷின்ல வர்ற கழிவுத் தண்ணி வீணாப் போகுதே, செடிக்கு விடலாமா?

விடாதீர்கள். நீங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மீட்டரை வைத்தால் கிணற்றைவிட அதிகமாகக் காட்டும். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைத்த தண்ணீரிலும் சோப்புத்தூள் வழியாகச் சோடியம் வரும், அது தென்னைக்கும் கல்வாழைக்கும் போகட்டும், காய்கறிப் பாத்திக்கு வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர் மட்டும் எதற்கும் நல்லது.

மாமரம் வச்சா இலை நுனியெல்லாம் கருகுது. என்ன பழமரம்தான் வைக்கிறது?

மாவும் எலுமிச்சையும் உப்பு ஆகாத மரங்கள். நல்ல தண்ணீர் உள்ள வீடுகளில் மட்டும் ஆசைப்படுங்கள். சப்போட்டா, இலந்தை, கொடுக்காப்புளி, நாவல் இந்த மண்ணுக்கு ஏற்றவை. அதிலும் சப்போட்டாவை எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். உப்பையும் தாங்கும், காற்றையும் தாங்கும், பிள்ளைகளுக்குப் பழமும் கிடைக்கும். மாதுளை, கொய்யா, பப்பாளி நடுத்தரம். பப்பாளி தண்ணீர் தேங்கினால் ரெண்டே நாளில் சாயும், மேடாக்கி வையுங்கள். நாட்டு விதை என்றால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்ததும் ஆண்மரத்தை எடுத்துவிடலாம்.

முருங்கை இல்லாத கொல்லை கொல்லையே இல்லை. போத்து (கிளைத் துண்டு) ஊன்றி வைக்கும் யாழ்ப்பாண முருங்கை பல வருடம் நிற்கும். விதையில் வரும் பி.கே.எம்.1 ஆறேழு மாதத்தில் காய்க்கும். கச்சான் தொடங்குவதற்கு முன்னால் மூன்று நாலு அடி உயரத்தில் வெட்டிவிட்டால் காற்றுக்கு முறியாது, புதுத் துளிரும் அடர்த்தியாக வரும்.

தென்னங்குழியில உப்புப் போட்டு வைக்கச் சொல்றாங்க, நாமளும் போடணுமா?

உள்நாட்டில் போடுவதற்குக் காரணம் உண்டு, தென்னைக்குக் குளோரைடு வேண்டும். கடற்காற்றும் கடலோரத் தண்ணீரும் அதை நமக்குத் தாராளமாகவே கொடுக்கின்றன. தனியாகப் போட வேண்டியதில்லை. அதற்குப் பதில் குழியின் அடியில் மட்டையை உட்குழி மேலே பார்க்கும்படி ரெண்டு வரிசை அடுக்குங்கள், ஈரம் தங்கும்.

மீன் கழுவுன தண்ணி, செதில், குடல் எல்லாம் செடிக்குப் போடலாமா?

பச்சை மீன் கழிவு நல்ல உரம். குடல், செதில், தலை எல்லாவற்றையும் தென்னையிலிருந்து ஐந்தடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் நாய், பூனை தோண்டாது. காய்கறிக்கு மீன் அமிலம் செய்யலாம். கழிவும் வெல்லமும் சம எடை, நம் பக்கத்துக் கருப்பட்டியும் போடலாம். பிளாஸ்டிக் டப்பாவில் மூடி மூன்று நாலு வாரம் நிழலில் வைத்தால் தேன் பதத்தில் தெளிவு இறங்கும். லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள்.

கருவாடு அலசிய தண்ணீர் மட்டும் கொல்லைப் பக்கமே வரக் கூடாது. அது உப்புக் கரைசல். கருவாடு காயப்போட்ட இடத்தில் ஏன் புல்கூட முளைக்கவில்லை என்று பார்த்தாலே தெரியும்.

கரையில ஒதுங்குற பாசியை அள்ளிட்டு வந்து போடலாமா?

ஊர்க் கரையில் தானாக ஒதுங்கியதை அள்ளலாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, அங்கே போய் எடுக்கக் கூடாது. பாறையில் உயிரோடு இருப்பதையும் பிடுங்க வேண்டாம், மீன் குஞ்சுகளுக்கு அதுதான் வீடு.

அள்ளியதைப் புரட்டாசியில் கொல்லை ஓரத்தில் குவித்துவிடுங்கள். ரெண்டு மூன்று மழை அதைக் கழுவட்டும். வடிகிற தண்ணீர் பாத்திப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எருக்குழியில் சருகோடு கலந்து மக்கவைத்தால் சாம்பல் சத்து நிறைந்த உரம். கழுவாமல் போடுவது, முன்னால் சொன்ன கருவாட்டுத் தண்ணீரை ஊற்றுவதற்குச் சமம்.

இலை மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. இதுவும் உப்புதானா?

இல்லை, இது இரும்புச் சத்துக் குறைவு. நம் மணலில் சிப்பித் தூள் நிறையக் கலந்திருக்கிறது, அது சுண்ணாம்பு. மண்ணில் இரும்பு இருந்தாலும் செடிக்குக் கிடைக்கவிடாது. கொழுந்து இலையில்தான் முதலில் தெரியும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) கலந்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை தெளித்தால் பச்சை திரும்பும். இந்த மண்ணுக்கு அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் போடக் கூடாது, இன்னும் மோசமாகும்.

இலை ஓரம் கருகுறது தண்ணியாலயா காத்தாலயா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செடியைச் சுற்றி வந்து பாருங்கள். கடல் பார்த்த பக்கம் மட்டும் கருகி, மறுபக்கம் பச்சையாக இருந்தால் காற்று கொண்டுவந்த உப்பு. எல்லாப் பக்கமும், அதிலும் அடி இலையிலிருந்து தொடங்கிக் கருகினால் தண்ணீர். காற்று என்றால் காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடலாம், ஆனால் நிரந்தர வழி வேலிதான். பூவரசும் கிளுவையும் நெருக்கமாகப் போத்து ஊன்றுங்கள், வெளிப்பக்கம் பனை. அதுவரை ஓலைத் தட்டி கட்டுங்கள். சுவரைவிட ஓலைத் தட்டி மேல். காற்று அதில் வடிகட்டி வரும், சுவரில் மோதினால் மேலே ஏறி உள்ளே சுழன்று விழும். ஆட்டுக்கும் அதே கிளுவை வேலி போதும்.

மழைத் தண்ணியைப் பிடிச்சு வச்சா எத்தனை நாளைக்கு வரும்?

500 சதுர அடி மொட்டை மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,160 லிட்டர் விழுகிறது. ஒரே நல்ல மழையில் ஆயிரம் லிட்டர் தொட்டி நிறையும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், மாடியில் படிந்த கடல் உப்பும் தூசியும் அதோடு போய்விடும். அந்த ஆயிரம் லிட்டரை நேரடியாக ஊற்றினால் சீக்கிரம் தீரும். நாற்றுக்கும், கிணற்றுத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலப்பதற்கும் மட்டும் வைத்துக்கொண்டால் மாசி வரை இழுக்கலாம்.

எதுவுமே வைக்காம மணலா கிடக்குற மூலையில என்ன செய்யலாம்?

பனங்கிழங்கு போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையைப் பொறுக்கி, ரெண்டடி உயரத்துக்கு மணலைக் கூட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மணலால் மூடிவிட்டால் மழை பார்த்துக்கொள்ளும். தையில் தோண்டலாம். கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரி இனிப்பான தவுண், அது பிள்ளைகளுக்கு.

பக்கத்து வீட்டுல எல்லாம் காய்க்குது, ஒரே தெரு, எங்க வீட்டுல மட்டும் வர மாட்டேங்குது. ஏன்?

ஒரே தெருவில் இது சகஜம். பக்கத்துக் கிணறு மேட்டில் இருக்கும், அங்கே நல்ல தண்ணீர்ப் படலம் தடிமனாக இருக்கும். உங்கள் மனையை மேடாக்கக் கடல் மணல் கொட்டியிருக்கலாம். தென்னை வேர் பாத்திக்குள் புகுந்து தண்ணீரைக் குடித்துவிடலாம்.

ஊகிக்க வேண்டாம், மூன்று சாக்கில் சோதித்துப் பாருங்கள். ஒன்றில் உங்கள் மண், நல்ல தண்ணீர். ரெண்டாவதில் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண், உங்கள் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் வெளி மண், நல்ல தண்ணீர். மூன்றிலும் ஒரே நாளில் வெண்டை விதை ஊன்றி ஒரே இடத்தில் வையுங்கள். முதல் சாக்கு வாடினால் மண், ரெண்டாவது வாடினால் தண்ணீர். மூன்றும் வாடினால் காற்றையும் நிழலையும் பாருங்கள். மூன்றும் நன்றாக வந்து, பாத்தியில் மட்டும் வரவில்லை என்றால் தென்னைப் பக்கம் ரெண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி வேரைத் தடுத்துவிட்டு, பாத்தியைப் புதிதாகப் போடுங்கள்.